37 நாள் அடைக்கலம்

மத்தியானச் சாப்பாட்டுக்காரர் கடைசியாக எழும்பிப்போக மூன்று மணியாகும். இரவு வேலை ஐந்தரைக்குத் தொடங்கும். இடையில் உள்ள இரண்டரை மணித்தியாலம் எங்களுடையது. நாங்கள் மூன்று பேர். ஒருவர் தந்தூரி அடுப்படியில் நிற்பவர், ஒருவர் வெங்காயமும் இறைச்சியும் வெட்டுபவர், ஒருவர் கோப்பை கழுவுபவர். யார் எது என்பது இங்கே முக்கியமில்லை. இத்தனை வருடங்களில் மூன்று பேரும் மூன்று வேலையும் செய்தாயிற்று. எழுதும் கை ஒருவருடையது. ஆனால் பேசித் தீர்த்ததும் தீராததும் மூவருடையது என்பதால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

ஊரின் பெயர் டுர்ஹாம். எழுத்தில்தான் டுர்ஹாம்; இங்குள்ளவர்கள் சொல்லும்போது 'டரம்' என்று விழும். இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசிலுக்குத் தெற்கே, ரயிலில் கால் மணித்தியாலத் தூரம். வெயர் ஆறு ஒரு குன்றைச் சுற்றி வளைந்து ஓடுகிறது. மூன்று பக்கமும் தண்ணீர். குன்றின் மேலே ஒருபுறம் கோட்டை, மறுபுறம் பேராலயம். 1986இல் இரண்டையும் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. முதல் மாரியில் நாங்கள் அந்தப் பேராலயத்துக்குள் போனது வரலாற்று ஆர்வத்தால் அல்ல. அறையில் ஹீற்றர் போடக் கட்டுப்படியாகாது. பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை, உள்ளே காற்றும் அடிக்காது. உடுப்பில் வெங்காய மணத்தோடு பின்வரிசையில் குந்தியிருப்போம். ஒருவரும் எழும்பு என்று சொன்னதில்லை. பிறகுதான் வாசிக்கத் தொடங்கினோம். எங்களில் ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் இரண்டாம் வருடத்தோடு நின்றவர். முடிக்காத படிப்பு ஒருவகை வியாதி. எதைக் கண்டாலும் குறிப்பெடுக்கச் சொல்லும்.

வாசித்தபோது முதலில் தெரிந்தது, இந்த நகரத்தைத் தொடக்கியவர்களே ஓடி வந்தவர்கள் என்பது. 687இல் இறந்த கத்பேர்ட் என்ற துறவியின் உடல் வடகடலோரத்தில் லிண்டிஸ்பார்ன் என்ற சின்னத் தீவில் இருந்தது. 793இல் வைக்கிங்குகள் கடலால் வந்து அத்தீவைச் சூறையாடினார்கள். தாக்குதல்கள் ஓயாததால் 875இல் துறவிகள் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டார்கள். ஏழு வருடம் வடக்கு முழுவதும் அலைந்தார்கள் என்பது மரபு. 883இல் செஸ்ரர்-லீ-ஸ்றீற் என்ற இடத்தில் தங்கினார்கள், நூறு வருடத்துக்கு மேல். 995இல் மறுபடியும் பயம், மறுபடியும் பெட்டி, கடைசியில் இந்தக் குன்று. பெட்டியோடு நடந்த குடும்பங்களுக்கும் அவர்கள் குடியேறிய நிலத்துக்கும் 'புனிதரின் சனம்' என்ற பொருளில் ஒரே பெயர் வழங்கியது. ஊரின் பெயரிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'டுன்' என்றால் பழைய ஆங்கிலத்தில் குன்று. 'ஹோல்ம்' ஸ்கண்டிநேவியரின் சொல், தீவு என்று பொருள். துரத்தியவனின் மொழி, துரத்தப்பட்டவனின் ஊர்ப்பெயரில் பாதியாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

எங்கள் மூவரில் ஒருவர் வன்னியர். 2008 ஏப்ரலில் குருமார் மடுமாதாவின் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குத் தூக்கிப்போன நாட்களில் அந்தப் பகுதியில் இருந்தவர். அவருக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியிருக்கவில்லை. "பெட்டி வச்சிருந்தவைக்கு ஊர் கிடைச்சிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஊர் மட்டுமல்ல, ஆட்சியும் கிடைத்தது. நோர்மன்களின் வருகைக்குப் பிறகு, 1093இல் தொடங்கி 1133 அளவில் இப்போதுள்ள பேராலயத்தைக் கட்டி முடித்தார்கள். ஸ்கொட்லாந்து எல்லை அருகில் இருந்ததாலும் லண்டன் எட்டாத் தூரத்தில் இருந்ததாலும், அரசனின் அதிகாரங்களில் பெரும்பகுதி டுர்ஹாம் ஆயரின் கைக்கு வந்தது. சொந்த நீதிமன்றம், சொந்த நாணயச்சாலை, சொந்தப் படை. 1346இல் ஸ்கொட்லாந்து அரசன் இரண்டாம் டேவிட் பிடிபட்ட நெவில்ஸ் குரொஸ் சண்டை நடந்தது இந்த நகரின் விளிம்பில். ஆயரின் இந்த அரசாட்சி 1836 வரை ஏதோ ஒரு வடிவில் இருந்தது. சவப்பெட்டி சுமந்து வந்தவர்களின் வழிவந்தோருக்குச் சிறைச்சாலையும் தூக்குமரமும் சொந்தமாகிய கதை இது. இதில் எங்களுக்கு ஆச்சரியம் குறைவு.

பின்னர் நிலக்கரி வந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் 1871இலிருந்து இந்த நகரில் கூடி, பாண்ட் வாத்தியங்களோடும் பெரிய பட்டுக்கொடிகளோடும் ஊர்வலம் போகிறார்கள். 1925இல் அந்தக் கூட்டத்தில் சிலர், தங்களுக்கு எதிராகப் பேசிய ஆயர் என்று நினைத்துப் பேராலயத்தின் வேறொரு குருவை ஆற்றுப் பக்கம் தள்ளிக்கொண்டு போக, அவரைப் படகில் ஏற்றிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. கடைசிச் சுரங்கங்கள் 1993இல் மூடப்பட்டன. ஊர்வலம் மட்டும் நிற்கவில்லை. எங்கள் குசினிக்கு வருடத்தில் ஆகப் பாரமான நாள் அதுதான். வேலையிழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கொடி தூக்கிப்போவதை யன்னலால் பார்த்தபடி நாண் சுடுவோம்.

எங்களைப் பிடித்துக்கொண்டது இவை எதுவுமல்ல. வடக்கு வாசல் கதவில் ஒரு வெண்கல முகம் இருக்கிறது. சிங்கமோ பூதமோ தெரியாது. கண்கள் வெறும் குழி, வாயில் ஒரு வளையம். பன்னிரண்டாம் நூற்றாண்டு வேலை. இப்போது கதவில் இருப்பது பிரதி, மூலத்தை உள்ளே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். குற்றம் செய்துவிட்டு ஓடி வருபவன் இந்த வளையத்தைத் தட்டினால் கதவு திறக்கவேண்டும். வாசலுக்கு மேலே இரண்டு சிறு அறைகள் இருந்தன. எந்தச் சாமத்தில் தட்டினாலும் கேட்பதற்கு அங்கே ஆட்கள் படுத்திருப்பார்கள். உள்ளே எடுத்ததும் மணி அடித்து ஊருக்கு அறிவிப்பார்கள். வந்தவனுக்கு இடது தோளில் மஞ்சள் சிலுவை தைத்த கறுப்பு அங்கி கொடுப்பார்கள். 37 நாட்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் மடத்தின் செலவு. அந்த நாட்களுக்குள் அவனை வெளியே இழுக்க எவருக்கும் உரிமை இல்லை. அதற்குள் மன்னிப்போ சமரசமோ கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் நாட்டைவிட்டு என்றைக்குமாகப் போவதாகச் சத்தியம் செய்து, கையில் சிலுவையோடு, குறித்த துறைமுகத்துக்குப் பெருவழியைவிட்டு விலகாமல் நடக்கவேண்டும். கப்பல் உடனே அகப்படாவிட்டால், போவதற்கு மனம் இருக்கிறது என்பதைக் காட்டத் தினமும் கடலுக்குள் இறங்கி நிற்கவேண்டும் என்றும் அக்காலச் சட்டம் சொல்லியது. கலேயில் கடலைப் பார்த்துக்கொண்டு மூன்று மாதம் நின்ற எங்களில் ஒருவர், இதை வாசித்த அன்று வேலை முடியும்வரை பேசவில்லை.

1464க்கும் 1524க்கும் இடைப்பட்ட பதிவுகள் மிஞ்சியிருக்கின்றன. எந்த ஊரான், யாரை, எந்த ஆயுதத்தால் என்று எழுதியிருக்கிறது. களவுக்காரரும் கடன்காரரும் கொஞ்சம். ஆகக் கூடுதலானோர் கொலைக்காரர். வடக்கின் பல திசைகளிலிருந்தும் ஓடி வந்திருக்கிறார்கள். வாசலில் அவர்களிடம் கேட்டது: நீ என்ன செய்தாய்?

எங்களிடம் கேட்டது வேறு. உனக்கு என்ன செய்தார்கள்? எந்தத் திகதியில்? எத்தனை பேர்? தழும்பைக் காட்டு. முதல் நேர்முகத்தில் செவ்வாய் என்றாய், இப்போது வியாழன் என்கிறாயே? நாம் அனைவரும் இந்தக் கேள்விகளுக்கு முன்னால் இருந்தவர்கள். எங்கள் துன்பத்தைத் திகதிவாரியாக அடுக்கி, தேவையானதைப் பெருப்பித்து, தேவையில்லாததை மறைத்து, ஒரு 'கேஸ்' ஆக்கிக் கொடுத்தவர்கள். இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்களில் தன் கேஸில் ஒரு வரியும் பொய்யில்லை என்று சொல்லக்கூடியவர் எத்தனை பேர் என்று நாங்கள் கேட்கப்போவதில்லை. உண்மையில் நடந்தது நம்பத்தக்கதாக இல்லாததால் நம்பத்தக்க பொய்யைச் சொன்னவர்களையும் எங்களுக்குத் தெரியும்.

1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் முதலாம் உறுப்புரையின் 'எஃப்' பிரிவு என்று ஒன்று இருக்கிறது. யுத்தக் குற்றமோ, மனிதகுலத்துக்கு எதிரான குற்றமோ, தஞ்சம் கேட்குமுன் வெளியே பாரதூரமான அரசியல்சாராக் குற்றமோ செய்தார் என்று கருதக் காத்திரமான காரணம் இருந்தால், அவருக்கு இந்தப் பாதுகாப்புக் கிடையாது. அதாவது டுர்ஹாமின் கதவு யாருக்காகத் திறந்ததோ, ஏறக்குறைய அவர்களுக்கே இந்தக் கதவு பூட்டு. அங்கே குற்றத்தை ஒத்துக்கொள்வது திறப்பு. இங்கே அதை ஒத்துக்கொண்டால் கதை முடிந்தது.

இது நியாயந்தானே என்று முதலில் நினைத்தோம். நல்லவனுக்கு இடம் போதாத உலகத்தில் கெட்டவனுக்கு ஏன் இடம்? 2014 மாரியில் அந்தத் தம்பி வரும்வரை இது பொழுதுபோகாத மூன்று பேரின் தர்க்கமாகவே இருந்தது.

அவனுக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். ரீஸ் நதிப்பக்கத்து ஊரொன்றில் அரசு கொடுத்த வீட்டில் இருந்தவன். கேஸ் நிராகரிப்பு, மேன்முறையீடும் தோல்வி. தனியாளுக்கு அதற்குப் பிறகு 21 நாள்தான். பிறகு வீடும் இல்லை, வாரக் காசும் இல்லை. தெரிந்த ஒருவர் எங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டார். சோபாவில் படுக்கவைத்தோம். இரவு நாங்கள் கொண்டுவரும் மிச்சக் கறியைச் சூடாக்கி வைப்பான், நாங்கள் கேளாமலே உடுப்புத் தோய்ப்பான். இரண்டு கிழமை கழித்து ஓர் இரவு, இரண்டு பியர் உள்ளே போனபின், அதிகாரிகளுக்குச் சொல்லாத பாதியைச் சொன்னான்.

அவனை 2007இல் இயக்கம் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போனது. அது கேஸில் இருக்கிறது. 2008 கடைசியில் தர்மபுரம் பக்கத்தில் அவனையே பிள்ளை பிடிக்க விட்டார்கள். அது கேஸில் இல்லை. இடம்பெயர்ந்த சனத்தின் கொட்டில்களுக்குள் போய்ப் பதுங்குகுழிக்குள்ளிருந்து இழுத்திருக்கிறான். எத்தனை பேர் என்று எங்களில் ஒருவர் கேட்டார். அவன் எண்ணிக்கை சொன்னான். அதை இங்கே எழுதப்போவதில்லை.

"எனக்குத் தந்த வேலை அது அண்ணை. மாட்டன் எண்டால் என்னை முன்னுக்கு விட்டிருப்பினம். அதுக்காகச் சரியெண்டு சொல்லேல்லை. சொல்லாமல் இருக்க ஏலாமல் கிடக்கு, அதான்."

வன்னி நண்பர் எழும்பி வெளியே போனார். அவருடைய தங்கச்சியை 2009 மாசியில் கொண்டுபோனார்கள், பதினாறு வயதில். திரும்பி வரவில்லை. தர்மபுரத்தில் அல்ல, இந்தத் தம்பி அந்த ஆளும் அல்ல. அது நண்பருக்கும் தெரியும். "இவனில்லாட்டி இவனைப்போல ஒருத்தன்" என்றார். அன்றிலிருந்து வேலை முடிந்தும் வீட்டுக்கு வராமல் றெஸ்ரோரன்ரின் சாமான் அறையில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்தார்.

மற்ற இருவரும் அவரோடு தர்க்கம் பண்ணினோம். அந்தத் தர்க்கம் நாங்கள் எண்ணியதைவிடக் கேவலமாகப் போயிற்று. அடைக்கலம் என்பது மன்னிப்பு அல்ல என்றோம். டுர்ஹாமில் யாரும் கொலைக்காரனை மன்னிக்கவில்லை, அவனைத் துரத்தி வருபவனின் கத்திக்கு முன்னால் கொஞ்சக் காலத்தை வைத்தார்கள், அவ்வளவுதான் என்றோம். தகுதி பார்த்துக் கொடுத்தால் அது பரிசாகிவிடும் என்றோம். மெய்யியல் இரண்டாம் வருடம் எல்லாம் வெளியே வந்தது. நண்பர் கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றைத்தான் கேட்டார்.

"செத்தவன்ர தாய் எந்தக் கதவைத் தட்டுறது?"

அந்தப் பதிவேடுகளில் அவளுக்கு இடமில்லை. கொன்றவனின் பெயர், ஆயுதத்தின் பெயர், செத்தவனின் பெயர் இருக்கிறது. மணி அடித்தபோது அது அவளுக்கும் கேட்டிருக்கும். கொன்றவன் அங்கி போட்டுச் சாப்பிடுகிறான் என்று அவள் வீட்டிலிருந்து நினைத்திருப்பாள். இதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. எங்களுக்குத் தோன்றுவது இதுதான்: அவளுக்கு வேண்டியது நீதி, அதைக் கொடுக்கவேண்டியது வேறொரு வாசல், அந்த வாசல் பூட்டிக் கிடப்பதால்தான் எங்கள் சோபா நீதிமன்றமாகிவிட்டது. பிடித்தவர்களையும் விசாரிக்கவில்லை, குண்டு போட்டவர்களையும் விசாரிக்கவில்லை. அதற்காக ஒரு படுக்கையை மறுப்பது தண்டனை ஆகிவிடுமா? குளிரில் விட்டால் தங்கச்சிக்கு என்ன கிடைக்கும்? ஆனால் இதையெல்லாம் தங்கச்சியை இழக்காத இரண்டு பேர் சொல்வது சுகம்.

தமிழில் அடைக்கலம் என்ற சொல்லுக்கு இரண்டு பக்கம். புகலிடமும் அடைக்கலம், பாதுகாத்துத் தருமாறு ஒருவர் கையில் ஒப்படைத்த பொருளும் அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கோவலனையும் கண்ணகியையும் மாதரி என்ற இடைச்சியிடம் அடைக்கலமாகவே கொடுக்கிறார். அவர்களைக் காக்க முடியாமற்போனது மாதரியின் பிழையல்ல. இருந்தும் அவள் தீயில் விழுகிறாள். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது மிகையாகத் தெரிந்தது. ஆனால் அங்கேயும் கவுந்தி, கண்ணகியின் கற்பைச் சொல்லித்தான் ஒப்படைக்கிறார். நற்சான்று இல்லாமல் ஒப்படைத்திருந்தால் மாதரி ஏற்றிருப்பாளா என்பது எங்களில் ஒருவர் எழுப்பிய கேள்வி.

தம்பி போய்விட்டான். நாங்கள் போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. ஒருநாள் விடியற்காலை போர்வையை மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தான். மேசையில் வீட்டுத் திறப்பு இருந்தது.

அடுத்த வருடம், 2015 செப்ரெம்பரில், ஊர்ப் பத்திரிகைகளில் எலும்புகளைப் பற்றிய செய்தி வந்தது. பேராலயத்துக்கு எதிரே பல்கலைக்கழக நூலகத்தில் கபே கட்ட 2013இல் மண்ணைத் தோண்டியபோது அகப்பட்டவை. 1650இல் டன்பார் சண்டையில் தோற்ற ஸ்கொட்லாந்துச் சிப்பாய்களுடையவை என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. குரொம்வெல்லின் படை அவர்களைப் பட்டினியாக நடத்திக்கொண்டு வந்து, சுமார் 3,000 பேரை இந்தப் பேராலயத்துக்குள்ளும் கோட்டைக்குள்ளும் அடைத்தது. அப்போது அங்கே வழிபாடு நிறுத்தப்பட்டிருந்தது. குளிருக்குக் கைதிகள் உள்ளிருந்த மரவேலைகளை எரித்தார்கள். பழைய மணிக்கூட்டை மட்டும் விட்டுவைத்தது, அதில் தங்கள் நாட்டு முட்பூச் செதுக்கியிருந்ததால் என்று சொல்வார்கள். சுமார் 1,700 பேர் வயிற்றோட்டத்திலும் காய்ச்சலிலும் செத்தார்கள். கைதிகளுக்குப் பொறுப்பாயிருந்த ஆர்தர் ஹேசில்றிக், நிலக்கரியும் கஞ்சியும் குறைவில்லாமல் கொடுத்ததாக மேலிடத்துக்கு எழுதினான். உயிர்தப்பியவர்களில் 150 பேரைக் கப்பலேற்றி அமெரிக்காவில் இரும்பாலைக்கும் மரமரியும் வேலைக்கும் அனுப்பினார்கள். அகப்பட்ட எலும்புகளை 2018 மே மாதம் இதே ஊரில் மறுபடி அடக்கம் செய்தார்கள். செம்மணியில் 1999இலும் 2025இலும் மண்ணைக் கிளறியதைப் பார்த்த எங்களுக்கு, இவர்களின் மண்ணுக்கடியிலும் அதே கணக்குத்தான் என்பதில் ஆறுதல் ஒன்றும் இல்லை.

அதே கல், அதே தூண். தட்டியவனுக்கு 37 நாள் சோறு போட்ட இடத்தில், தட்டாமலே கொண்டுவரப்பட்டவன் பட்டினி கிடந்து செத்தான். இடத்தில் புனிதம் இருக்கிறது என்ற எண்ணம் எங்களுக்கு அன்றோடு விட்டுப்போயிற்று. நவாலித் தேவாலயத்துக்கு 1995 யூலையில் நடந்ததை அறிந்த எங்களுக்கு அது முன்பே விட்டுப்போயிருக்க வேண்டும். மேல்மாடத்தில் முழித்துப் படுத்திருந்த ஆள்தான் அடைக்கலம். அவன் நித்திரையாகிவிட்டால் வெண்கல முகம் வெறும் வெண்கலம்.

1624இல் இந்த உரிமையை இங்கிலாந்துப் பாராளுமன்றம் முற்றாக ஒழித்தது. அதன்பிறகும் அதை நம்பிய ஒருவர் உண்டு, அவர் நமக்குக் கடன் கொடுத்தவர். விராஜ் மென்டிஸ், சிங்களவர், தமிழரின் உரிமைக்காகப் பேசியவர். திருப்பி அனுப்ப முற்பட்டபோது 1986 டிசெம்பரில் மன்செஸ்ரரில் ஒரு தேவாலயத்துக்குள் போய் இருந்தார். இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தார். 1989 ஜனவரியில் பொலிசார் கதவை உடைத்து இழுத்துப்போய் விமானம் ஏற்றினார்கள். பிறகு ஜேர்மனி அவரை ஏற்றது; 2024இல் காலமானார். அவருக்காக அந்தக் கதவைப் பூட்டி வைத்திருந்த வெள்ளைக்காரக் குருவும் ஊராட்களும், அவர் சொன்னதில் எவ்வளவு சரி என்று புள்ளி போட்டுவிட்டா பூட்டினார்கள்?

2024 ஆகஸ்ட் 2ஆம் திகதி இரவு, பக்கத்துச் சண்டர்லாந்தில் கலகம். முன்பு அதுவும் டுர்ஹாம் மாவட்டந்தான். முதலாளி நேரத்தோடு கடையைப் பூட்டச் சொன்னார். லைற்றை அணைத்துவிட்டுக் குசினியில், பின்கதவுக்குப் பக்கத்தில் மூன்று பேரும் இருந்தோம். இங்கே ஒருவரும் வரவில்லை. பதினொரு மணியளவில் வன்னி நண்பர், பத்து வருடத்தில் முதல் தரமாக, அந்தத் தம்பியைப் பற்றிக் கதைத்தார். அவனுடைய நம்பர் ஆரிட்டயும் இருக்கோ என்றார். இருந்த நம்பர் எப்போதோ செத்துவிட்டது. லண்டனில் கண்டதாக ஒருவர் சொன்னார், பிரான்சுக்குப் போய்விட்டான் என்று இன்னொருவர் சொன்னார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

"எத்தினை நாள் எங்களோட இருந்தவன்?" என்று கேட்டார்.

பழைய வேலைக் கொப்பிகளைச் சாமான் அறையில் எறியாமல் வைத்திருக்கிறோம். அவர் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் படுத்த இரவுகளை அதில் குறித்திருந்தார். மற்ற நாட்களை நாங்கள் ஞாபகத்திலிருந்து கூட்டினோம். 19 வந்தது. அவர் இன்னொரு தரம் கூட்டிப் பார்த்தார். பிறகு, விடிந்தால் சனிக்கிழமை, வெங்காயம் வெட்டவேண்டும் என்று எழும்பினார்.